கேளுங்கள் அக்கா: கோபத்தோடு ஜெபிக்கலாமா?

இந்த மாதம் வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கியபோது பாதிக்கு மேல் ஒரே பக்கமாகச் சேர்ந்துவிட்டன. ஒருவருக்கு நோய், ஒருவருக்கு வேலை, ஒருவருக்கு இழுத்துக்கொண்டே போகிற வழக்கு, இன்னொருவருக்கு வீட்டைவிட்டுப் போன பிள்ளை. எல்லாரும் கேட்பது என்னவோ ஒன்றுதான்: என் கையில் ஒன்றுமே இல்லை, இன்னும் எவ்வளவு நாள், அதுவரை விசுவாசத்தை எப்படிப் பிடித்துக்கொண்டிருப்பது? அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். எழுதியவர்களின் பெயரையும் ஊரையும் நானே எடுத்துவிட்டேன்.

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, அப்பாவுக்கு ஞாபகமறதி நோய் வந்து நான்கு வருடம் ஆகிறது. சில நாள் என்னையே யாரென்று கேட்கிறார். ராத்திரி அவரும் தூங்குவதில்லை, என்னையும் தூங்கவிடுவதில்லை. கூடப்பிறந்தவர்கள் போனில் விசாரிப்பதோடு சரி. ஆரம்பத்தில் உபவாசம் இருந்து ஜெபித்தேன். இப்போது முழங்கால் போட்டாலே கோபம்தான் வருகிறது, ஆண்டவர் மேலேயே கோபம். சபையில் சொன்னால் "யோபைப் போலப் பொறுமையாக இரு" என்கிறார்கள். நான் விசுவாசத்தைவிட்டு விலகிவிட்டேனா?

பதில்: யோபைப் போல இரு என்று சொல்கிறவர்கள் யோபு புத்தகத்தை எதுவரை படித்தார்கள் என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம். அதில் மொத்தம் 42 அதிகாரம். பிள்ளைகளையும் சொத்தையும் இழந்தபின்னும் "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்று சொல்கிற யோபு முதல் அதிகாரத்தில் இருக்கிறார். மூன்றாம் அதிகாரத்தில் அதே மனிதர் தான் பிறந்த நாளையே சபிக்கிறார். அங்கே தொடங்கி 31ஆம் அதிகாரம் வரை அவர் வாயிலிருந்து வருவதில் பெரும்பகுதி முறையீடு, வாக்குவாதம், என்மேல் என்ன குற்றம் என்று சொல்லும் என்கிற வழக்காடல். அவருடைய சிநேகிதர்கள்தான் அழகாக, ஒழுங்காக, தேவனை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறார்கள். முடிவில் என்ன நடக்கிறது? "என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை" என்று அந்தச் சிநேகிதர்களுக்குத்தான் திட்டு விழுகிறது. இன்னொரு விஷயமும் கவனித்துப் பாருங்கள். அவர்கள் அத்தனை அதிகாரம் தேவனைப் பற்றிப் பேசினார்களே தவிர ஒருவராவது தேவனோடு பேசவில்லை. கத்தியவர் யோபு ஒருவர்தான், ஆனால் அவர் கத்தியது தேவனைப் பார்த்து.

இந்த மனிதரைத்தான் யாக்கோபு தன் நிருபத்தில் பொறுமைக்கு உதாரணமாகக் காட்டுகிறார். அங்கே மூலத்தில் வருகிற கிரேக்கச் சொல் ஹுப்பொமொனே. பாரத்தின் கீழே இருந்த இடத்தைவிட்டுப் போகாமல் நிற்பது என்று அதற்கு அர்த்தம் சொல்லலாம். ஆத்திரப்படாமல் மனிதர்களைச் சகித்துக்கொள்வதற்கு வேறொரு சொல் இருக்கிறது, நம் வேதாகமம் அதை நீடிய பொறுமை, நீடிய சாந்தம் என்கிறது. யாக்கோபு யோபுவைப் பற்றிச் சொல்லும்போது அதை எடுக்கவில்லை. யோபு சாந்தமாக இருந்தார் என்று யார் சொன்னாலும் அவர் மூன்றாம் அதிகாரத்தைப் படிக்காமல் தாண்டிவிட்டார் என்று அர்த்தம். தமிழில் இரண்டுக்குமே பொறுமை என்று வந்துவிட்டதில் நமக்குக் கொஞ்சம் குழப்பம், பொறுமை என்றால் வாயை மூடிக்கொண்டிருப்பது என்று நினைத்துக்கொள்கிறோம், அதுவும் பெண்களுக்கு இதைச் சொல்லும்போது கேட்கவே வேண்டாம்.

சங்கீதங்களை எடுத்தாலும் இதே கதைதான். 13ஆம் சங்கீதத்தில் முதல் இரண்டு வசனத்துக்குள் "எதுவரைக்கும்" என்று நான்கு முறை கேட்கிறார் தாவீது. அந்தச் சங்கீதமாவது கடைசியில் பாட்டாக மாறுகிறது. 88 மாறவே மாறாது. சிநேகிதர்கள் எல்லாரும் விலகிப்போனார்கள் என்று முடிகிறது, எபிரெயத்தில் அதன் கடைசிச் சொல்லே இருள். ஆனால் அதை எப்படித் தொடங்குகிறார் பாருங்கள்: "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே". நடுவில் எதுவும் சரியாகவில்லை, வெளிச்சம் வரவில்லை, இருந்தாலும் அதையும் சேர்த்து ஜெபப் புத்தகத்தில் வைத்திருக்கிறார்கள், யாரும் கடைசியில் ஒரு ஸ்தோத்திரத்தைச் செருகவில்லை.

நீங்கள் விலகிப்போகவில்லை. விலகிப்போனவர்கள் முழங்கால் போட்டுச் சண்டை போட மாட்டார்கள், பேச்சையே நிறுத்திவிடுவார்கள். கொஞ்ச நாளைக்கு உங்கள் ஜெபத்தை நன்றியில் தொடங்க வேண்டாம். 88ஆம் சங்கீதம் 18 வசனம்தான், சத்தமாக வாசித்துவிட்டு எழுந்திருங்கள். அப்புறம் ஒன்று, ஜெபத்தில் சேராது என்று நீங்கள் நினைக்கலாம். கூடப்பிறந்தவர்களிடம் "உதவி செய்யுங்கள்" என்று பொதுவாகக் கேட்காதீர்கள், அதற்கு எல்லாரும் சரி சரி என்பார்கள். மாதத்தில் இத்தனை ராத்திரி நீ வந்து படு, வர முடியாவிட்டால் அந்த ராத்திரிகளுக்கு ஆள் வைக்கிற செலவு உன்னுடையது என்று கணக்காகக் கேளுங்கள். என் வீட்டுக்காரர் பக்கவாதத்தில் ஆறு வருடம் படுக்கையில் இருந்தார். இப்படிக் கேட்கலாம் என்று எனக்குப் புத்தி வரவே மூன்று வருடம் ஆனது, அதுவரை வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு அதைப் பொறுமை என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

கேள்வி: ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டு ஜெபிப்பது விசுவாசக் குறைவு, ஒருமுறை கேட்டுவிட்டு நன்றி சொல்லத் தொடங்க வேண்டும் என்று ஒரு பிரசங்கத்தில் கேட்டேன். சரியா?

பதில்: பிடிபடுவதற்கு முன் கெத்செமனே தோட்டத்தில் இயேசு மூன்று முறை ஜெபித்தார். மூன்றாவது முறையும் "அந்த வார்த்தைகளையே சொல்லி" ஜெபித்தார் என்று மத்தேயு எழுதுகிறார். அவருக்கு இல்லாத விசுவாசம் அந்தப் பிரசங்கியாருக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. கேளுங்கள்.

கேள்வி: அக்கா, படிப்பு முடித்து மூன்று வருடமாக வேலை இல்லை. ஒரு ஊழியர் என் தலையில் கைவைத்து, இந்த மாதத்துக்குள் வேலை கிடைக்கும் என்று தீர்க்கதரிசனம் சொன்னார். அது நடந்து ஏழு மாதம் ஆகிறது. "கர்த்தருக்குக் காத்திரு" என்கிறார்கள். நான் தெரிந்தவர்களிடம் சிபாரிசு கேட்கப் போனால் அது மனுஷனை நம்புவது ஆகிவிடுமா? எரேமியா 29:11ஐ எழுதிச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

பதில்: தம்பி, அந்த வசனத்தை எடுக்க வேண்டாம், ஆனால் அதற்கு மேலே இருக்கிற வசனத்தையும் சேர்த்து ஒட்டு. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்று நாம் எல்லாரும் மனப்பாடமாகச் சொல்கிற அந்த வாக்கு, பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா அனுப்பிய ஒரு கடிதத்தில் இருக்கிறது. முந்தின வசனத்தில் 70 வருடம் என்று இருக்கிறது. அதாவது அந்தக் கடிதத்தை வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் அநேகர் திரும்பிப் போகவே போவதில்லை.

அந்தக் கடிதத்துக்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி வருகிறான். இரண்டே வருடத்தில் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று ஆலயத்தில் எல்லாருக்கும் முன்பாக அவன் சொல்கிறான். இன்று கேட்டால் நானும் அனனியாவுக்குத்தான் ஆமென் சொல்வேன், யாருக்குத்தான் 70 பிடிக்கும்? எரேமியாவே முதலில் "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்கிறார், மனதில் அவருக்கும் அந்த ஆசை இருந்திருக்க வேண்டும். ஆனால் அனனியா பொய் சொன்னான் என்று வேதம் சொல்கிறது. உன் தலையில் கைவைத்தவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை, நல்ல மனதோடு ஆசையைத் தீர்க்கதரிசனமாகச் சொல்லிவிடுகிறவர்கள் நிறைய. ஆனால் ஏழு மாதமாக நீ உன் விசுவாசத்தில் ஓட்டை தேடிக்கொண்டிருக்கிறாய் பார், அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. தேதி சொன்னவர் அவர். தேதி தவறியதற்கு நீ ஏன் பதில் சொல்ல வேண்டும்?

சரி, அந்த 70 வருடத்தில் அவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று எரேமியா எழுதுகிறார்? உட்கார்ந்து காத்திருங்கள் என்றா? வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், கல்யாணம் செய்யுங்கள், பிள்ளைகளுக்கும் செய்து வையுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள். பிடிக்காத ஊரில், அதுவும் எதிரியின் ஊரில், முழு வாழ்க்கை வாழச் சொல்கிறார்.

சிபாரிசு விஷயம். யோசேப்பு 17 வயதில் விற்கப்பட்டார், பார்வோன் முன் நின்றபோது வயது 30. நடுவில் சிறையில் பானபாத்திரக்காரரின் தலைவனுக்குச் சொப்பனத்தின் அர்த்தம் சொல்லிவிட்டு, நீ வெளியே போனதும் என்னை நினைத்துக்கொள், பார்வோனிடம் என் காரியத்தைச் சொல் என்று கேட்கிறார். நேரடியான சிபாரிசு. அவன் மறந்துபோனான், இன்னும் இரண்டு வருடம் போனது, அது வேறு விஷயம். ஆனால் கேட்டது தவறு என்று ஆதியாகமம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, கடைசியில் அதே ஆள் மூலமாகத்தான் கதவும் திறந்தது. அதனால் போய்க் கேள். உன் படிப்புக்குக் கீழே என்று நினைக்கிற வேலையாக இருந்தாலும் இப்போதைக்கு எடுத்துக்கொள், பவுல் கூடாரம் தைத்துச் சம்பாதித்தார். காத்திருப்பது என்றால் விண்ணப்பம் போடாமல் இருப்பது என்று உனக்கு யார் சொன்னாலும் அவரிடம் அவருக்கு எப்படிச் சம்பளம் வருகிறது என்று கேட்டுவிட்டு வா.

கேள்வி: "தாங்க முடியாத பாரத்தை ஆண்டவர் தரமாட்டார்" என்று வசனம் இருக்கிறதா? எனக்கு உண்மையிலேயே தாங்க முடியவில்லை.

பதில்: அந்தப் பொருளில் இல்லை. 1 கொரிந்தியர் 10:13 பேசுவது பாவத்துக்குள் இழுக்கிற சோதனையைப் பற்றி, அதற்குமுன் இருக்கிற வசனங்கள் முழுக்க வனாந்தரத்தில் இஸ்ரவேலர் விழுந்த கதை. துன்பத்தைப் பற்றி அதே பவுல் அதே சபைக்கு எழுதின இரண்டாம் நிருபத்தைத் திறந்தால் முதல் அதிகாரத்திலேயே இருக்கிறது, ஆசியாவில் எங்களுக்கு வந்த வருத்தம் எங்கள் பலத்திற்கு மிஞ்சினது, பிழைப்போம் என்கிற நம்பிக்கையே அற்றுப்போயிற்று என்று. பலத்திற்கு மிஞ்சினது என்று அப்போஸ்தலன் எழுதலாம் என்றால் நீங்களும் சொல்லலாம்.

கேள்வி: இரண்டு முறை கரு கலைந்த பிறகு என் சொந்தத்தில் ஒருவர், ஏதோ அறிக்கையிடாத பாவம் இருக்கிறது, யோசித்துப் பார் என்றார். ராத்திரி முழுவதும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பதில்: யோசிப்பதை நிறுத்துங்கள். பிறவிக் குருடனைப் பார்த்து "யார் செய்த பாவம், இவன் செய்ததோ, இவனைப் பெற்றவர்கள் செய்ததோ" என்று சீஷர்கள் கேட்டார்கள், இயேசு இரண்டும் இல்லை என்றார். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோதும், அவர்கள் எருசலேமில் இருந்த மற்ற எல்லாரையும்விடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொன்னார். கரு கலைவது அநேகப் பெண்களுக்கு நடக்கிறது, பெரும்பாலும் கருவின் குரோமோசோம் சரியாக அமையாததால், தாய் செய்த எதனாலும் அல்ல. டாக்டரிடம் காரணம் கேளுங்கள். அந்தச் சொந்தக்காரரிடம் கொஞ்ச நாளைக்குப் பேசாமல் இருந்தாலும் பாவம் இல்லை.

கேள்வி: என்னால் ஜெபிக்கவே முடியவில்லை. கோபம்கூட இல்லை, ஒன்றுமே இல்லை. ஆறு மாதமாக ஆராதனையில் உதடு மட்டும் அசைகிறது. சில நாள் காலையில் எழுந்திருக்காமலே போய்விட்டால் நல்லது என்று தோன்றுகிறது. யாரிடமும் சொல்லவில்லை.

பதில்: கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, அதற்குத்தான் முதலில் பதில். இன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள், வீட்டில் யாராவது, ஒரு சிநேகிதர், யாராக இருந்தாலும் சரி, எழுதினதை அப்படியே காட்டினாலும் போதும். இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள், மனநல மருத்துவராக இருந்தால் இன்னும் நல்லது. தோன்றுவது அதிகமானால் வாரம் வரை காத்திருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ராத்திரியில் தனியாக இருக்காதீர்கள். விசுவாசி டாக்டரிடம் போகலாமா என்று யாராவது இழுத்தால் அவர்களை விட்டுவிடுங்கள்.

எலியா தீர்க்கதரிசிக்கு இதே நிலை வந்தது. கர்மேல் மலையில் அவர் ஜெபித்து வானத்திலிருந்து அக்கினி இறங்கின கொஞ்ச நாளிலேயே, ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்றார். தேவதூதன் வந்து பிரசங்கம் செய்யவில்லை, நேற்று நடந்த அற்புதத்தை மறந்துவிட்டாயா என்று கேட்கவில்லை. சாப்பிட வைத்தான், தூங்கவிட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பிட வைத்தான். தேவன் பேசினது அப்புறம், 40 நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போன பிறகு. ஸ்பர்ஜன் என்கிற பெரிய பிரசங்கியாருக்கு 1856இல் 22 வயது. லண்டனில் அவருடைய கூட்டத்தில் யாரோ தீ என்று கத்த, நெரிசலில் ஏழு பேர் இறந்தார்கள். அதற்கப்புறம் வாழ்நாள் முழுக்க மனச்சோர்வு அவரை விட்டு விட்டுப் பிடித்தது, அதைப் பிரசங்க மேடையில் மறைக்காமலும் பேசினார். அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007இல் வெளிவந்தபோது, அவர் எத்தனை பத்தாண்டுகள் தேவனுடைய பிரசன்னத்தை உணராமலே ஊழியம் செய்தார் என்று தெரிந்து உலகமே திகைத்தது. நான் திகைக்கவில்லை, எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது.

உதடு மட்டும் அசைகிறது என்று வெட்கப்படாதீர்கள். பிள்ளை வேண்டி ஆலயத்தில் ஜெபித்த அன்னாளுக்கும் உதடு மட்டும்தான் அசைந்தது, ஆசாரியன் ஏலி அவளைக் குடித்திருக்கிறாள் என்றே நினைத்துவிட்டார். ஜெபிக்க முடியாதபோது வேறொருவர் உங்களுக்காக ஜெபிக்கட்டும். திமிர்வாதக்காரனைக் கூரையைப் பிரித்து இறக்கின நாலு பேரை நினைத்துப் பாருங்கள், இயேசு "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" என்று இருக்கிறது, படுத்துக்கிடந்தவன் என்ன நினைத்தான் என்று மாற்கு கேட்கவே இல்லை. என் வீட்டுக்காரர் படுத்திருந்த காலத்தில் எனக்காக ஜெபித்த ஒரு பெரியம்மா உண்டு, எனக்கு ஒரு வசனம்கூடச் சொன்னதில்லை, "உன் பங்கையும் நான் ஜெபித்துக்கொள்கிறேன், நீ போய்த் தூங்கு" என்பார். அப்படி ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள்.

கேள்வி: நண்பனுடைய மகள் இறந்துவிட்டாள். போய்ப் பார்க்க வேண்டும், என்ன சொல்வது என்று தெரியாமல் இரண்டு வாரமாகத் தள்ளிப் போடுகிறேன். எந்த வசனம் சொல்லலாம்?

பதில்: வசனம் வேண்டாம், போங்கள். யோபின் சிநேகிதர்கள் செய்த ஒரே நல்ல காரியம் ஏழு நாள் அவர் பக்கத்தில் தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தது, வாயைத் திறந்ததும் கெட்டது. லாசரு இறந்தபோது அவன் சகோதரிகள் மார்த்தாளும் மரியாளும் "நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்" என்று ஆளுக்கொரு முறை இயேசுவின் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள், அவர் கோபித்துக்கொள்ளவில்லை, லாசருவை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தும் கண்ணீர் விட்டார். உங்கள் நண்பன் ஏதாவது கடுமையாகப் பேசினால் கேட்டுக்கொள்ளுங்கள். சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்கிற ரோமர் 8:28ஐ மட்டும் அங்கே எடுக்காதீர்கள், அது உண்மைதான், ஆனால் அதை அவன் ஒருநாள் தானாகச் சொல்ல வேண்டும். மகளின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். இரண்டு மாதம் கழித்து, எல்லாரும் வருவதை நிறுத்தின பிறகு, இன்னொரு முறை போங்கள்.

கேள்வி: உங்கள் பதில்களை வருடக்கணக்காகப் படிக்கிறேன். நேரடியாகவே கேட்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். உங்கள் வீட்டுக்காரருக்காக நீங்கள் ஜெபித்தீர்களே, கேட்கப்பட்டதா? கேட்கப்படவில்லை என்றால் ஏன் இன்னும் விசுவாசிக்கிறீர்கள்?

பதில்: தப்பாக நினைக்கவில்லை. கேட்கப்படவில்லை. அவர் எழுந்து நடக்கவில்லை, ஆறாவது வருடம் போய்விட்டார். நடுவில் ஒருநாள் ஜெபிக்க வந்த ஒருவர் அவர் கட்டில் பக்கத்திலேயே நின்று, இந்த அம்மாவின் அவிசுவாசம்தான் தடை என்றார், என் வீட்டுக்காரருக்குப் பேச்சு போயிருந்ததே தவிரக் காது நன்றாகக் கேட்கும். வந்தவரை வாசல்வரை வழியனுப்பிவிட்டுக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். திரும்பி வந்தபோது அவர் நல்லாயிருந்த ஒரு கையால் என்னைக் கூப்பிட்டு, இல்லை இல்லை என்று ஆட்டிக் காட்டினார். அதை ஜெபத்துக்குப் பதில் என்று நான் கணக்கில் சேர்க்கவில்லை, ஆனால் அந்தக் கையை நினைக்காமல் என்னால் அந்த வருடங்களை நினைக்க முடியவில்லை.

பவுல் தன் மாம்சத்திலே ஒரு முள் என்று சொன்ன உபத்திரவத்தை எடுத்துப்போடும்படி மூன்று முறை வேண்டிக்கொண்டார், முள் போகவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்று ஒரு பதில் மட்டும் கிடைத்தது. எனக்கு அவ்வளவு தெளிவாக ஒன்றும் கேட்கவில்லை. ஏன் இன்னும் விசுவாசிக்கிறேன் என்றால், யோவான் ஆறாம் அதிகாரத்தில் சீஷரில் அநேகர் பின்வாங்கிப் போகும்போது, நீங்களும் போய்விட மனதாயிருக்கிறீர்களோ என்று இயேசு பன்னிருவரைக் கேட்கிறார், "ஆண்டவரே, யாரிடத்தில் போவோம்" என்கிறார் பேதுரு. அதில் பெரிய உற்சாகம் ஒன்றும் எனக்குத் தெரியவில்லை, போக இடமில்லாதவன் பேச்சு மாதிரிதான் இருக்கிறது. நித்தியஜீவ வசனங்கள் உம்மிடத்தில் உண்டே என்று அடுத்ததாகச் சொல்கிறார், அதுவும் எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஆறு வருடத்தில் நிறைய ராத்திரி நான் முதல் பாதியோடுதான் படுக்கப்போனேன், இப்போதும் சில ராத்திரி அப்படித்தான்.